கிரயமா, குத்தகையா, சொந்தப் பாடா? ராப் பாடுகிறவர் கையெழுத்துப் போடும் முன்

போன மாதம் சோமனூரிலிருந்து ஒரு தம்பி தன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு என் ஸ்டுடியோவுக்கு வந்தார். வயது இருபத்தொன்று. யூடியூபில் போட்ட மூன்று ராப் பாடல்களில் ஒன்று நன்றாக ஓடியிருக்கிறது. அதைப் பார்த்து ஒரு மியூசிக் கம்பெனி ஒப்பந்தம் அனுப்பியிருந்தது. இருபத்திரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம், வாட்ஸாப்பில் பிடிஎஃப். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். நான் ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். நாலாவது பக்கத்தில் அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். அவர் எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறவர்.

"ஏனுங்க, இதுல நூல் யாருதுங்க?"

"வரி எழுதுனது, பாடுனது எல்லாம் தம்பிதானுங்க."

"எங்களுக்கு பாவும் ஊடை நூலும் அவங்க குடுக்கறாங்க. நாங்க நெய்து குடுத்துக் கூலி வாங்கறோம். துணி அவங்களுது, சரி. இங்க நூலே பையனோடதுங்கறீங்க. அப்புறம் துணி எப்படிங்க அவங்களுது ஆகும்?"

இதே இடத்தில் மாட்டிக்கொண்டு என்னிடம் கேட்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டே எழுதுகிறவர்கள், ஈரோட்டில் கல்லூரிப் பையன்கள், பொள்ளாச்சியில் ஒரு தங்கச்சி. எல்லோருக்கும் ஒரே குழப்பம்: கம்பெனியோடு போவதா, தனியாகவே நிற்பதா? நான் சிங்காநல்லூரில் வீட்டு மாடியில் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வயதில் நானும் நாலு பாடல்களை பதினைந்தாயிரம் ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தவன். அந்தக் கம்பெனி பிறகு மூடிவிட்டது. பாடல்களின் உரிமை எவர் கைக்கோ போய்விட்டது. சில வருடம் கழித்து என் பாட்டை என் சேனலில் ஏற்றினேன். எனக்கே காப்பிரைட் கிளைம் வந்தது. அந்த நாலு பாட்டில் ஒன்று என் அம்மாவைப் பற்றியது. இன்றைக்கும் அதை நான் எங்கும் போட முடியாது. இதை எழுத அதுதான் காரணம்.

## ஒரு பாட்டில் இரண்டு சொத்து

ஒப்பிடுவதற்கு முன்னால் இது தெளிவாக இருக்க வேண்டும். ஒரு பாட்டில் இரண்டு தனித்தனிச் சொத்து இருக்கிறது. ஒன்று, வரியும் இசையமைப்பும். மற்றொன்று, அதைப் பதிவு செய்து எடுத்த ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர். ராப் பாடுகிறவர் பெரும்பாலும் தன் வரியைத் தானே எழுதுகிறார். ஆகவே அவர் வெறும் பாடகர் அல்ல, பாடலாசிரியரும்கூட. மாஸ்டர் வேறொருவர் பேரில் இருந்தாலும் பாடலாசிரியர் என்ற உரிமை தனியாக நிற்கும்.

நம் நாட்டுக் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 1957-ஆம் ஆண்டினது. 2012-ல் வந்த திருத்தம் ராப் எழுதுகிறவருக்குப் பெரிய பாதுகாப்பு: பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்களுக்குச் சேர வேண்டிய ராயல்டியை, வாரிசுகளுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. "ராயல்டி எதுவும் கோர மாட்டேன்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அந்த வரிக்குச் சட்டத்தில் பலம் இல்லை. அந்தப் பணத்தை வசூலித்துத் தருவது 1969-ல் தொடங்கிய ஐபிஆர்எஸ் என்ற காப்புரிமைச் சங்கம். அதில் உறுப்பினர் ஆகாமல் இருந்தால் உரிமை காகிதத்தோடு நின்றுவிடும். ஆகவே கீழே உள்ள மூன்றில் எதைத் தேர்ந்தாலும் முதல் வேலை அங்கே சேர்வது.

## எதை வைத்து எடை போடுவது

முன்பணத்தை வைத்து எடை போடக் கூடாது. எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான், அதனால்தான் முதல் பக்கத்தில் போடுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது இவை:

- மாஸ்டர் யார் பேரில், எத்தனை வருடத்துக்கு?
- கம்பெனி செய்யும் செலவு யார் கணக்கில் எழுதப்படும்?
- வருமானக் கணக்கை நாம் பார்க்க முடியுமா?
- ஷோ, சினிமா வாய்ப்பு, மேடைப் பெயர் இவற்றிலும் பங்கு கேட்கிறார்களா?
- பிடிக்காவிட்டால் எப்படி வெளியே வருவது?
- நம் நேரத்தில் எவ்வளவு போகும்?

இந்த ஆறில் முதலாவதுதான் எனக்கு மற்ற ஐந்தையும்விடப் பெரியது.

## கிரயம்: மாஸ்டரை முழுதாக எழுதிக் கொடுப்பது

நிலத்தைக் கிரயம் செய்து கொடுப்பது போல. ஒப்பந்தத்தில் "நிரந்தரமாக, பிரபஞ்சம் முழுவதும்" என்று பொருள்படும் சொற்கள் உண்மையிலேயே இருக்கும். ஒலிப்பதிவின் காப்புரிமை இந்தியாவில் வெளியான பிறகு 60 ஆண்டு. இருபத்தொரு வயதில் கையெழுத்துப் போடுகிற தம்பிக்கு அது எண்பது தாண்டும் வரை என்று அர்த்தம். காலத்தைக் குறிப்பிடாமலே எழுதிவிட்டால் சட்டம் ஐந்தாண்டு என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதனால் கம்பெனிகள் காலத்தைக் குறிப்பிட மறப்பதே இல்லை.

இதில் கிடைப்பது என்ன? முன்பணம், நல்ல வீடியோ, ரேடியோ, விளம்பரம், சினிமாத் தொடர்பு. இவை நிஜமானவை. குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மறைந்திருக்கும் செலவு, கழிவில் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். முன்பணம் 2 லட்சம், வீடியோ 3 லட்சம், விளம்பரம் 1 லட்சம், ஆக 6 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடுகிறவர் பங்கு 20 சதவீதம். பாட்டு 15 லட்சம் சம்பாதித்துவிட்டது. அவர் பங்கு 3 லட்சம். ஆனால் அது அவர் கைக்கு வராது. 6 லட்சத்தில் கழியும். இன்னும் 3 லட்சம் கடன் நிற்கும். கம்பெனியோ போட்ட 6 லட்சத்தை எப்போதோ எடுத்து, 9 லட்சம் லாபத்தில் இருக்கும். பாட்டு 30 லட்சத்தைத் தொட்ட பிறகுதான் பாடியவருக்கு அடுத்த ரூபாய். காரணம், செலவு மொத்த வருமானத்திலிருந்து கழிவதில்லை, நம் 20 சதவீதத்திலிருந்து மட்டும் கழிகிறது.

பல்லடம் பக்கம் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே பிடிபடும். குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. கொட்டகை, கரண்டு, ஆள் நம்முடையது. கிலோவுக்கு இத்தனை என்று வளர்ப்புக் கூலி. கோழி கம்பெனியுடையதுதான், ஆனால் தீவனத்துக்கான காசை வளர்க்கிறவர் கட்டுவதில்லை. கிரய ஒப்பந்தத்தில் தீவனக் காசும் நம் தலையில், கோழியும் அவர்களுக்கு.

அடுத்து, ஒரு பாட்டின் நட்டத்தை இன்னொரு பாட்டின் லாபத்தில் கழிக்கும் வரி ஒன்று இருக்கும். ஐந்தாவது பாட்டு ஓடினால் முதல் நாலு பாட்டின் கடன் அதில் போகும். அப்புறம் "ஆப்ஷன்". ஒரு ஆல்பத்துக்குக் கையெழுத்து. மேலும் மூன்று நாலு ஆல்பம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை கம்பெனிக்கு மட்டும். கடைசியாக "360" ஒப்பந்தம்: ஷோ, விளம்பரம், டி-ஷர்ட் எல்லாவற்றிலும் பங்கு. கோவையைச் சுற்றி இத்தனை இன்ஜினியரிங் கல்லூரிகள் இருக்கின்றன. கல்ச்சுரல்ஸ் சீசனில் மேடை ஏறிக் கிடைக்கும் பணம்தான் இங்கே பலருக்குக் கையில் நிற்கும் பணம். அதிலும் ஒரு பங்கு போனால் மாதச் செலவுக்கே திண்டாட்டம்.

இதெல்லாம் இன்று தொடங்கியதல்ல. அமெரிக்காவில் டிஎல்சி என்ற பெண்கள் குழு, தங்கள் ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்த 1995-லேயே திவால் மனு கொடுத்தது. ராப் பாடகி மேகன் தீ ஸ்டாலியன் 2018-ல் ஒரு சின்ன லேபிளில், அதாவது மியூசிக் கம்பெனியில், கையெழுத்திட்டார். இருபதுகளின் தொடக்க வயது. அதில் என்ன இருந்தது என்பது, பிறகு வேறு வக்கீல்கள் படித்துச் சொன்ன போதுதான் அவருக்குத் தெரிந்தது. 2020-ல் வழக்குப் போட்டார். 2023-ல்தான் சமரசம் ஆனது. ஒரு கையெழுத்தைச் சரிசெய்ய மூன்றரை வருடம்.

நம் பக்கமும் இருக்கிறது. 2021 மார்ச்சில் வந்த "என்ஜாய் எஞ்சாமி" உலகமே கேட்ட தமிழ்ப் பாட்டு. 2024 மார்ச்சில் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், தனக்கும், பாடிய அறிவு, தீ இருவருக்கும் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் அவ்வளவு பெரிய பாட்டுக்கே, அவ்வளவு பெயர் உள்ளவர்களுக்கே, மூன்று வருடம் கழித்தும் கணக்கில் தகராறு என்றால், சோமனூர்த் தம்பி கணக்குப் பார்க்கும் உரிமையை எழுதி வாங்காமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

கிரயம் சரியாக இருக்கும் இடமும் உண்டு. ஒரே ஒரு பாட்டு, அதுவும் உங்களுக்குப் பெரிய ஒட்டுதல் இல்லாத பாட்டு, கழிவு எதுவும் இல்லாத மொத்தத் தொகை, அடுத்த பாட்டுகளைக் கட்டிப்போடும் வரி இல்லை என்றால் கொடுக்கலாம். வீட்டில் அவசரக் கடன், தொகை அதைத் தீர்க்கும் என்றாலும் நான் தடுக்க மாட்டேன். சினிமாப் பாட்டில் மாஸ்டர் பெரும்பாலும் தயாரிப்பாளருக்கோ ஆடியோ கம்பெனிக்கோதான் போகும். அங்கே சம்பளத்தையும், பாடலாசிரியர் என்று பெயர் வருவதையும் பார்த்துக்கொண்டால் போதும்.

## குத்தகை: லைசென்ஸ் கொடுப்பது

பொள்ளாச்சியில் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விடுவார்கள். குத்தகைக் காலத்தில் காய் குத்தகைக்காரருக்கு. மரமும் மண்ணும் நமக்கு. காலம் முடிந்தால் தோப்பு திரும்பி வரும். லைசென்ஸ் ஒப்பந்தம் இதேதான். மாஸ்டர் நம் பேரில் இருக்கும்; ஐந்து வருடமோ ஏழு வருடமோ வெளியிட்டுச் சம்பாதிக்கும் உரிமையைக் கம்பெனிக்குக் கொடுக்கிறோம். வருமானம் பாதிக்குப் பாதி என்பது வழக்கமாகக் காதில் விழும் கணக்கு.

என் மனது சாய்வது இந்தப் பக்கம். ஆனால் இதிலும் குழி உண்டு. குத்தகைக் காலம் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து ஓடுகிறதா, பாட்டு வெளியான நாளிலிருந்தா, செலவு முழுதும் கழிந்த நாளிலிருந்தா என்று பாருங்கள். மூன்றாவதாக எழுதியிருந்தால், கணக்கு கழியாமலே போனால், தோப்பு திரும்பி வரவே வராது. பெயர்தான் குத்தகை, உள்ளே கிரயம். இன்னொன்று, கம்பெனி பாட்டை வாங்கி வெளியிடாமல் வைத்துக்கொள்வது. சட்டத்தில், உரிமையை எழுதி வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது போய்விடும் என்று இருக்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதி அதைத் தாண்டிவிடலாம். அதனால் "ஆறு மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை திரும்பும்" என்று நாமே ஒரு வரி சேர்க்கச் சொல்ல வேண்டும்.

முன்பணம் குறைவாக இருக்கும். கம்பெனி உங்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடாது. அது உண்மை. ஏழு வருடத்தில் கையை விட்டுப் போகிற பாட்டுக்கு யாரும் அளவுக்கு மீறிச் செலவு செய்ய மாட்டார்கள்.

பேரம் பேசக் கையில் ஏதாவது இருப்பவர்களுக்குத்தான் இது கிடைக்கும். ஏற்கெனவே ஓடிய பாட்டு, தானாக வரும் கேட்பவர்கள், நிரம்புகிற ஒரு மேடை. 1993-ல் நியூயார்க்கின் வூ-டாங் கிளான் என்ற ராப் குழு, குழுவாக ஒரு கம்பெனியில் கையெழுத்திட்டு, ஒவ்வொருவரும் தனி ஆல்பத்தை வேறு கம்பெனியில் போட்டுக்கொள்ளும் சுதந்திரத்தை எழுதி வாங்கியது. பிறகு மெத்தட் மேன் ஓரிடம், ஜிஸா ஓரிடம் என்று போனார்கள். அந்தச் சுதந்திரத்துக்காக முதலில் பெரிய தொகையை எதிர்பார்க்காமல் இருந்தார்கள். நம் ஊர்ச் சின்னக் குழுக்களுக்கு அது நல்ல முன்மாதிரி.

## சொந்தப் பாடு: நாமே வெளியிடுவது

ஹிப்ஹாப் தமிழா குழுவின் ஆதி கோயம்புத்தூர்க்காரர். ஹிப்ஹாப் தமிழாவை ஊர் அறிந்தது 2011-ல் இணையத்தில் பரவிய ஒரு வீடியோவால். கேட்பவர்கள் முதலில் வந்தார்கள். ஆல்பமும் சினிமாவும் பின்னால் வந்தன. அந்த வரிசை இன்றும் சாத்தியம். வழி இன்னும் சுலபமாகியிருக்கிறது.

நம் பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்றிக் கொடுக்கும் விநியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். டிஸ்ட்ரோகிட் வருடச் சந்தா வாங்கிக்கொண்டு ராயல்டியை முழுதாகக் கொடுக்கிறது. சிடி பேபி வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டணம், அப்புறம் 9 சதவீதம் கமிஷன். ரூட்நோட்டில் காசே கட்டாமல் போடலாம், 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். மண்டியில் கமிஷனுக்குச் சரக்குப் போடுவது போலத்தான். சரக்கு நம்முடையதாகவே இருக்கும்.

இங்கே மறைந்திருக்கும் செலவுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலாவது, பீட், அதாவது ராப் வரிக்குப் பின்னால் ஓடும் இசை. இணையத்தில் ஐநூறு ரூபாய்க்கு பீட் "லீஸ்" எடுத்து அதன்மேல் பாடுகிறோம். அதே பீட்டை இன்னும் நூறு பேர் எடுத்திருக்கலாம். இத்தனை ஸ்ட்ரீம், அதாவது இணையத்தில் இத்தனை முறை கேட்பது, வரைதான் என்று வரம்பு இருக்கும். பாட்டு ஓடினால் வரம்பு தாண்டும், கிளைம் வரும். அதைவிட, பக்கத்துத் தெருவில் பீட் செய்கிற நண்பனோடு பாட்டு வெளிவரும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: மாஸ்டரில் யாருக்கு எத்தனை, இசையில் யாருக்கு எத்தனை. ஓடிய பிறகு பேசினால் நட்பும் போகும்.

இரண்டாவது, சாம்பிள். பழைய சினிமாப் பாட்டில் நாலு செகண்ட் வெட்டிப் போட்டால் பிரச்சினையில்லை என்பது வெறும் பேச்சு. இத்தனை செகண்ட் வரை இலவசம் என்று நம் சட்டத்தில் எந்த அளவும் இல்லை. வள்ளி கும்மி மெட்டில் நீங்களே ஆள் வைத்துப் பாடிப் பதிவு செய்யலாம், அது ஊர்ச் சொத்து. ஆனால் யாரோ பதிவு செய்து வெளியிட்ட கும்மியை வெட்டி எடுத்தால் அந்தப் பதிவு அவருடையது.

மூன்றாவது, வருமானம் மெதுவாக வரும். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாவிட்டால் 2024 முதல் ராயல்டியே கிடையாது. யூடியூபில் விளம்பரப் பணம் வர 1,000 சந்தாதாரர்களும் ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும், அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையும் வேண்டும். இதைப் பார்த்துப் பொறுமை இழந்து ஸ்ட்ரீம் வாங்கிப் போடுகிறவர்களிடம் போகாதீர்கள். போலி என்று கண்டுபிடித்தால் அபராதம் விநியோகஸ்தர் மேல் விழும், அவர் உங்கள் பாட்டைத் தூக்கிவிடுவார்.

நாலாவது, சந்தா. வருடச் சந்தாவை நிறுத்தினால், தனியாகக் காசு கட்டாத பாடல்கள் தளங்களிலிருந்து இறங்கிவிடலாம். வேலை போன ஒரு வருடம் சந்தா கட்ட முடியாமல் போய், மூன்று ஆல்பத்தை இழந்த பையன் ஒருவரை எனக்குத் தெரியும்.

ஐந்தாவது, நேரம். தம்னெயில், ரீல்ஸ், கணக்கு, வரிப் படிவம் எல்லாம் நம் தலையில். அமெரிக்கத் தளங்களில் டபிள்யூ-8பென் படிவத்தைப் பான் எண்ணோடு நிரப்பாவிட்டால், அங்கிருந்து வரும் ராயல்டியில் 15 சதவீதம் பிடிக்க வேண்டிய இடத்தில் 30 சதவீதம் பிடிப்பார்கள். இரவு பதினொரு மணிக்கு ஷிப்ட் முடித்து வந்து இதைச் செய்ய வேண்டும்.

இவ்வளவையும் தாண்டி இது யாருக்கு நல்லது? இப்போதுதான் தொடங்குகிறவருக்கு, குரலும் எழுத்தும் இன்னும் உருவாகிக்கொண்டிருப்பவருக்கு. இரண்டு வருடம் தனியாக ஓடிவிட்டால் பேரம் பேசப் பலம் வரும். அமெரிக்க ராப் பாடகர் நிப்சி ஹஸில் 2013-ல் தன் பாடல் தொகுப்பு ஒன்றை இலவசமாக இணையத்தில் விட்டு, ஆயிரம் பிரதிகளை மட்டும் தலா 100 டாலருக்கு விற்றார். சொந்த லேபிளைக் கையில் வைத்துக்கொண்டே பிறகு அட்லாண்டிக் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தார்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கிரயம் | குத்தகை | சொந்தப் பாடு |
|---|---|---|---|
| மாஸ்டர் | கம்பெனி பேரில், நிரந்தரம் | நம் பேரில், குறித்த காலம் கம்பெனி கையில் | நம் பேரில் |
| முன்பணம் | அதிகம், ஆனால் கழியும் | குறைவு | இல்லை |
| செலவு யாருடையது | கம்பெனி போடும், நம் பங்கில் எடுக்கும் | பேசிக்கொள்வதைப் பொறுத்தது | முழுக்க நம்முடையது |
| கணக்கு | அவர்கள் காட்டுவது. தணிக்கை உரிமை எழுதி வாங்க வேண்டும் | அதேபோல் எழுதி வாங்க வேண்டும் | தினமும் நாமே பார்க்கலாம் |
| ஷோ, பெயர் | பங்கு கேட்கக்கூடும் | பொதுவாகத் தவிர்க்கலாம் | நம்முடையது |
| வெளியே வருவது | மிகக் கடினம் | காலம் முடிந்தால் | எப்போது வேண்டுமானாலும் |
| மறைச் செலவு | கழிவு, ஆப்ஷன், கோர்ட் செலவு | காலக் கணக்கில் சூட்சுமம் | பீட், சாம்பிள், சந்தா, நேரம் |

## கையெழுத்துக்கு முன்

மேடைப் பெயரை முதலில் உங்கள் பேரில் டிரேட்மார்க் செய்யுங்கள். ஆன்லைனில் தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு ரூ.4,500. பாடுவதும் மேடையும் 41-ஆம் வகுப்பில் வரும். பெயரைக் கம்பெனி தன் பேரில் பதிந்துவிட்டால், வெளியே வந்த பிறகு உங்கள் பெயரில் நீங்களே பாட முடியாது.

பதினெட்டு முடியாதவர் போடும் கையெழுத்து செல்லாது. அதனால் அம்மா அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். பெற்றோர் அதைப் படிக்காமல் போடக் கூடாது. வழக்கு எந்த ஊரில் என்ற வரியையும் பாருங்கள். மும்பை என்றுதான் பெரும்பாலும் இருக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் குர்லா எக்ஸ்பிரஸில் ஒரு நாளுக்கு மேல் போய் ஒரு நாளுக்கு மேல் வர யாரால் முடியும்? கோயம்புத்தூர் என்று மாற்றச் சொல்லுங்கள், குறைந்தது சென்னை என்றாவது.

"வெள்ளிக்கிழமைக்குள்" என்பது போன்ற அவசரத்துக்கு மட்டும் பணியாதீர்கள். நல்ல தோப்பை வாங்க வந்தவர் இரண்டு வாரம் பொறுப்பார்.

சோமனூர்த் தம்பியும் அப்பாவும் அன்று கையெழுத்துப் போடவில்லை. கோர்ட்டுப் பக்கம் தெரிந்த வக்கீலிடம் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து முழுதும் படிக்கச் சொன்னார்கள். மூன்று திருத்தம் கேட்டு அனுப்பினார்கள்: கிரயத்துக்குப் பதில் ஓடிய அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் ஐந்து வருட லைசென்ஸ், ஷோவில் பங்கு கிடையாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. கம்பெனி பத்து நாள் பேசவில்லை. அப்புறம் ஏழு வருடம் என்று திருப்பிக் கேட்டது, முன்பணத்தைப் பாதியாகக் குறைத்தது, மற்ற இரண்டையும் ஒப்புக்கொண்டது. தம்பி ஏழுக்குச் சம்மதம் என்கிறார். அப்பா இன்னும் ஆறில் நிற்கிறார். நேற்று இரவு எனக்குப் போன் செய்து, "ஒரு வருசம் கொறச்சுக் கேட்டா என்னங்க ஆயிரும்?" என்றார். பின்னால் எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. கேளுங்க என்றேன்.